பழைய மோட்டார் சைக்கிளின் மாஸ்டர் பம்ப்: பினாங்கில் கையைக் கடிக்காமல் சரி செய்ய, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் இல்லாத நாளில் பட்டர்வொர்த்தில் மச்சான் நடத்தும் மோட்டார் கடையில் ஸ்பேனர் பிடிப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. முன்பிரேக் பழுதாகி வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்: முழு பம்ப்பையும் செட்டாகவே மாற்ற வேண்டுமா, உள்ளே இருக்கும் ரப்பரை மட்டும் மாற்றிச் சில்லறையில் முடியுமா? வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. வந்த கேள்விகளை வந்தபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

மோட்டார் கடை போர்மேன் "மாஸ்டர் பம்ப் போச்சு"ன்னார். நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். அது எதுண்ணே?

வலது கைப்பிடிக்குப் பக்கத்தில், பிரேக் லிவர் மாட்டியிருக்கும் சின்ன அலுமினியக் கட்டிதான் அது. அதன் தலையில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். லிவரை இழுத்தால் உள்ளே ஒரு பிஸ்டன் நகர்ந்து எண்ணெயை ஹோஸ் வழியாகக் கீழே தள்ளும். சக்கரத்தருகே இருக்கும் காலிப்பர் அந்த அழுத்தத்தில் பேடை டிஸ்க்கோடு நெருக்கும்.

பிஸ்டனில் இரண்டு ரப்பர் கப் உண்டு. முன்னால் இருப்பது அழுத்தத்தைத் தாங்கும் கப். பின்னால், லிவர் பக்கம் இருப்பது எண்ணெய் வெளியே வழியாமல் காக்கும் கப். கிண்ணத்தின் அடியில் இரண்டு துளை இருக்கும். பெரியது வழியாக எண்ணெய் கீழே இறங்கும். மற்றது ஊசி முனை அளவுதான். லிவரை விட்டதும் எண்ணெய் அது வழியாக மேலே திரும்பும். இந்த ஊசித் துளையை மறக்காதீர்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

என்னோடது பழைய இ.எக்ஸ்.5. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் உங்களுடையது கேபிளில் ஓடும் டிரம் பிரேக். கேபிளும் பிரேக் ஷூவும் பார்த்தால் போதும். யாராவது டிஸ்க்காக மாற்றியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள். ஆர்.எக்ஸ்.ஸெட், 125ஸெட், டிஸ்க் வைத்த கிரிஸ், வேவ் 125, எல்.சி.135 வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது.

ஒருத்தர் காத்துன்னு சொல்றார், ஒருத்தர் பம்ப்னு சொல்றார். எதை நம்பறது?

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், உங்கள் இரண்டு விரலை நம்புங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு லிவரை லேசாக, ஒரே அளவில் இழுத்துப் பிடியுங்கள். முறுக்கிப் பிடிக்கக் கூடாது. லேசாகப் பிடிக்கும்போதுதான் தேய்ந்த கப் தன் குணத்தைக் காட்டும். அரை நிமிடத்தில் லிவர் மெதுவாகக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், வெளியே எங்கும் எண்ணெய் கசிவும் இல்லையென்றால், முன் கப் போய்விட்டது. எண்ணெய் கப்பைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது.

லிவர் இறங்காமல், ஆனால் ஸ்பாஞ்சை அமுக்குவது போல மெத்தென்று இருந்தால், நாலைந்து முறை வேகமாக இழுத்ததும் கெட்டியானால், அது பெரும்பாலும் காற்று. பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். லிவரின் அடியில் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால், அல்லது அந்த இடத்தில் பெயின்ட் உப்பி உரிந்திருந்தால், பின் கப் வழிகிறது. லிவரை விட்டும் சக்கரம் இறுக்கமாகவே சுற்றினால் அது வேறு கதை. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எண்ணெய் குறையுது. ஊத்திக்கிட்டே ஓட்டினா என்ன?

பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு. முதலில் பேடைப் பாருங்கள். பேட் புதிதாக இருந்தும் எண்ணெய் குறைகிறதென்றால் எங்கோ வெளியே போகிறது. ஊற்றிக்கொண்டே ஓட்டினால், போகிற எண்ணெய் டிஸ்க்கிலோ பேடிலோ படுகிற நாள் வரும். அன்றைக்கு பம்ப் செலவோடு பேட் செலவும் சேரும். அது கூட நல்ல முடிவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட் தேய்ந்த நிலையில் கிண்ணத்தை நிரப்பி வைப்பதும் தப்பு. புதுப் பேட் போடும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், எண்ணெய் மேலே பொங்கி டேங்க் பெயின்ட்டில் கொட்டும். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும். கொட்டினால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? சும்மா ஒரு கணக்கு சொல்லுங்க.

எங்கள் பக்கம் நான் பார்த்த விலையைச் சொல்கிறேன், மாடலுக்கு மாடல் மாறும். ரிப்பேர் கிட் என்பது பம்ப்புக்குள் போகும் ரப்பர் கப் போன்ற சில்லறைச் சாமான். காப்பி (நகல்) கிட் 8 முதல் 15 வெள்ளி (ரிங்கிட்). ஓரி (ஒரிஜினல்) கிட் கிடைத்தால் 25 முதல் 45 வெள்ளி. கூலி 20, 30 வெள்ளி. ஒரு பாட்டில் எண்ணெய், ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாஷர் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகச் செய்தால் நூறு வெள்ளிக்குள் வேலை முடியும்.

காப்பி செட் 35 வெள்ளியிலிருந்து கிடைக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும், "கிட் மாற்றிக் கூலியும் கொடுப்பதற்குப் புதுசே வாங்கிவிடலாமே" என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் 35 வெள்ளிப் புது பம்ப்பை விட, இருபது வருடம் உழைத்த ஓரி பம்ப்பில் நல்ல ரப்பர் போட்டது மேல். உடம்பு நல்ல வார்ப்பு, பிஸ்டன் ஓடும் துளை நேராகக் கடைந்தது, லிவர் ஆடாது. அந்தத் துளை நன்றாக இருக்கும்வரைதான் இந்தப் பேச்சு. துளை போய்விட்டால் கணக்கே வேறு.

கிட் எங்க வாங்கறது? கடையில என்ன சொல்லிக் கேக்கணும்?

பெரிய ஸ்பேர் பார்ட் கடைகள் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், தீவில் ஜெலுத்தோங், டத்தோ கெராமாட் பக்கங்களில் இருக்கின்றன. "மாஸ்டர் பம்ப் ரிப்பேர் கிட்" என்றாலே கடை முதலாளி தவுக்கேக்குப் புரியும். மாடல் பெயரும் வருடமும் மட்டும் சொன்னால் போதாது. முன் சொந்தக்காரர் பம்ப்பை மாற்றியிருக்கலாம். எல்.சி. பம்ப் மாட்டிய ஆர்.எக்ஸ்.ஸெட் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் பழைய பிஸ்டனைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் பம்ப் உடம்பில் வார்த்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஸ்டன் நீளம் ஒன்றாக இருக்கிறதா? கப்பின் வெளி வட்டம் ஒன்றாக இருக்கிறதா? கப்பின் உதட்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். வார்ப்பில் வந்த பிசிறு நகத்தில் தட்டினால் வாங்காதீர்கள். அந்தப் பிசிறுதான் ஆறு மாதத்தில் உங்களைத் திரும்பக் கடைக்கு வரவைக்கும். ஓரி கிட்டில் ரப்பர் மூடி, சர்க்லிப் (பிஸ்டன் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்), ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து வரும். மலிவு கிட்டில் சில சமயம் கப் மட்டும்தான் இருக்கும், பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வாங்கி வைத்துவிடுங்கள். கடைகள் பல நாள் பூட்டிக் கிடக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போக மோட்டாரைத் தயார் செய்ய நினைத்துக் கடைசி வாரம் ஓடி வருகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் கிடைத்ததைத்தான் போட வேண்டியிருக்கும்.

கடைக்காரர் "ரிப்பேர் பண்ண முடியாது, செட்டாத்தான் மாத்தணும்"ங்கிறார். ஏமாத்துறாரா?

எப்போதும் இல்லை. அவர் பக்கம் நின்று பாருங்கள். செட் மாற்றக் கால் மணி நேரம். கிட் மாற்றினால் கழற்றி, கழுவி, துளையைப் பார்த்து, திரும்பப் பூட்ட ஒரு மணி நேரம். அதற்கு நீங்கள் கொடுக்கப் போவது 20 வெள்ளி. நாளைக்கு அதே பிரேக் பிடிக்காமல் போனால் பழி அவர் தலையில். செட் மாற்றச் சொல்வதில் பாதி பயம், பாதி சோம்பல். ஏமாற்று கொஞ்சம்தான்.

ஆனால் ஒன்று கேளுங்கள்: "பாஸ், துளைய எனக்குக் காட்டுங்க." திறந்து காட்டி, கோடு விழுந்திருக்கிறது பார் என்று சொன்னால் மனிதர் நேர்மையானவர், செட் மாற்றிக்கொள்ளுங்கள். திறக்காமலே சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். எது நடந்தாலும் பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி வாருங்கள். தீவில் ஒரு கடையில் என் நண்பனுக்கு செட் மாற்றினார்கள். பழையதை நான் வீட்டில் திறந்து பார்த்தேன். துளை கண்ணாடி மாதிரி இருந்தது. கப் மட்டும் தேய்ந்திருந்தது. அந்த பம்ப் இப்போது என் மோட்டாரில் ஓடுகிறது. நண்பன் இன்னும் என்னிடம் அதற்குக் காசு கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நானே செய்யலாமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

செய்யலாம். ஆனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் வேலையில் தப்பு எங்கே என்பது சந்திப்பு விளக்கில்தான் தெரியும்.

முதல் சண்டை கிண்ண மூடியின் இரண்டு ஸ்குரூவோடு. பழைய மோட்டாரில் அது வெள்ளை பூத்து ஒட்டிக்கொண்டிருக்கும். நம்மூர் கடல் காற்றுக்கு இரண்டு வருடம் போதும். சாதாரண ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினால் தலை உருண்டு போகும், அப்புறம் டிரில் வைக்க வேண்டியதுதான். ஜப்பான் மோட்டாரின் நட்சத்திரத் தலை, பார்க்க ஒன்று போல இருந்தாலும், சாதாரண ஸ்குரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அதற்கென்று ஜே.ஐ.எஸ். என்று ஒரு வகை உண்டு, 15 வெள்ளிக்குள் கிடைக்கும். அதைத் தலையில் பொருத்தி, பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, முழு எடையையும் மேலே போட்டு அமுக்கிக்கொண்டே திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எண்ணெயை வடித்து, லிவரையும் ஹோஸையும் கழற்றியதும் ரப்பர் மூடியை நீக்கினால் உள்ளே சர்க்லிப் தெரியும். ஆழத்தில் இருப்பதால் மூக்கு நீண்ட சர்க்லிப் பிளையர் வேண்டும். கத்தரியும் ஸ்குரூ டிரைவரும் வைத்து நோண்டினால் துளையின் வாயில் கோடு விழும். சர்க்லிப் வந்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், கையைத் துளையின் வாயில் வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். வெளியே வரும் வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதுதான் முக்கியம். அது எண்ணெயைத் தள்ளும் திசையைப் பார்க்க வேண்டும், லிவர் பக்கம் அல்ல. திருப்பிப் போட்டால் பிரேக்கே இருக்காது.

கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒரு தடவை அவசரத்தில் பழக்கதோஷத்தில் பெட்ரோலில் அலசி, துணியால் துடைத்துப் புது கப்பைப் போட்டேன். அன்று நன்றாகத்தான் பிடித்தது. மூன்றாவது நாள் லிவர் உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. திறந்தால், கப் உப்பி துளைக்குள் ஆப்பு அடித்தது போல உட்கார்ந்திருந்தது. பிரேக் ரப்பருக்குப் பெட்ரோல், என்ஜின் எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எதுவுமே ஆகாது. புது பிரேக் எண்ணெயிலேயே கழுவுங்கள், பூட்டும்போதும் அதையே கப்பில் தடவுங்கள். ஊசித் துளையை மெல்லிய நைலான் இழையால் குத்திப் பார்த்துவிட்டு, காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

உள்ள கோடு தெரியுது. சேண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சா சரியாகாதா?

முதலில் அது கோடா கறையா என்று பாருங்கள். எண்ணெய்ப் பசை காய்ந்து பழுப்பு வளையமாக ஒட்டியிருப்பது கறை. துணியும் பிரேக் எண்ணெயும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நகம் தட்டும் கோடு, அல்லது வெள்ளையாகக் குழி விழுந்த அரிப்பு என்றால் அது வேறு. பிஸ்டனின் கப் நகரும் பாதையில் அது இருந்தால் எந்த ரப்பர் போட்டாலும் சில வாரம்தான்.

அலுமினியத் துளையின் உள்ளே மெல்லிய கடினமான பூச்சு இருக்கும். சேண்ட்பேப்பர் அந்தப் பூச்சைத் தின்றுவிடும், அப்புறம் அரிப்பு இன்னும் வேகமாக வரும். துளையும் பெரிதாகும். லேத் கடையில் துளையைக் கடைந்து பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கலாம், ஊசித் துளையையும் அதே இடத்தில் திரும்பப் போட வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் கை எல்லா லேத் கடையிலும் இல்லை. சாதாரண மாடலுக்கு இந்தச் செலவு செட் விலையைத் தாண்டிவிடும். வேறு பம்ப்பே கிடைக்காத அபூர்வ மோட்டாருக்கு மட்டும் யோசியுங்கள்.

பம்ப் மேல 14னு இருக்கு. நண்பரோடதுல 1/2ன்னு இருக்கு. பெரிசா போட்டா பிரேக் நல்லா பிடிக்குமா?

பிடிக்காது. இந்தத் தவறான எண்ணம் நம்மூர்ப் பையன்களிடம் ரொம்ப உண்டு. அது பிஸ்டனின் விட்டம். 14 என்றால் 14 மில்லிமீட்டர், 1/2 என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். விட்டம் கூடினால் ஒரு இழுப்பில் அதிக எண்ணெய் போகும், லிவர் கெட்டியாக இருக்கும். கையில் பிடிக்க ஜோராக இருக்கும். ஆனால் அதே கை பலத்துக்கு அழுத்தம் குறையும். 12.7-லிருந்து 14-க்குப் போனால் பரப்பு சுமார் 21.5 சதவீதம் கூடும். அழுத்தம் 18 சதவீதம் குறையும். 11-லிருந்து 14-க்குப் போனால் அழுத்தம் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். ஒரு காலிப்பர் வைத்த சின்ன மோட்டாரில், வந்த அளவையே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஆன்லைன்ல 40 வெள்ளிக்கு பிரெம்போ செட். வாங்கலாமா?

அது இத்தாலிய பிரேக் கம்பெனியான பிரெம்போ செய்தது இல்லை. உண்மையான பிரெம்போ ரேடியல் பம்ப் பல நூறு வெள்ளி. பெயரை எழுதியவர் பம்ப்பையும் அந்த லட்சணத்தில்தான் செய்திருப்பார். பெயர் எதுவும் போடாத சாதாரண காப்பி செட் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். துளை போய், ஓரி செட்டுக்குக் காசில்லாதபோது அதுதான் வழி.

வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். பிஸ்டன் விட்டம், மேலே சொன்னபடி. ஹோஸ் போல்ட்டின் புரி: ஜப்பான் மோட்டாரில் வழக்கமாக 10 மில்லிமீட்டர் போல்ட், 1.25 புரி, ஐரோப்பிய பாணி பம்ப்பில் 1.0 புரி. இரண்டும் முதல் இரண்டு சுற்று ஒத்துழைக்கும், அப்புறம் அலுமினியத்தைச் சீவிவிடும். மூன்றாவது பக்கக் கண்ணாடி மாட்டும் துளை. யமஹா பல மாடல்களில் வலது கண்ணாடிக்கு இடது புரி. காப்பி பம்ப் வாங்கிக் கண்ணாடி ஏறாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. பிரேக் விளக்கு சுவிட்ச் மாட்ட இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

லோரோங் கூலிட்ல ஓரி பம்ப் 20 வெள்ளிக்குப் பாத்தேன். எடுக்கலாமா?

சிட்டி ஸ்டேடியம் பக்கத்துப் பழைய சாமான் சந்தையில் நானும் காலையில் போய்ப் பொறுக்கியிருக்கிறேன். எடுக்கலாம், ஆனால் உடம்புக்காக எடுங்கள், உள்ளே இருக்கும் ரப்பருக்காக அல்ல. கிட் எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பச்சை, வெள்ளைப் பூஞ்சை போலக் கட்டியிருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது, துளையும் அரித்திருக்கும். காய்ந்து கிடப்பதைவிட எண்ணெய் இருப்பது நல்லது. லிவர் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். 20 சொன்னால் 12-க்குக் கேளுங்கள், அது அந்த இடத்து மரியாதை.

கிட் மாத்திட்டேன். ஆனா லிவர் இன்னும் மெத்துனு இருக்கு. கிட் மட்டமா?

கிட்டைத் திட்டுவதற்கு முன் காற்றை எடுங்கள். காலியான பம்ப்பில் காற்று மேலேயே, ஹோஸ் போல்ட்டுக்குப் பக்கத்தில் தங்கிவிடும். கீழே காலிப்பரில் காற்று வெளியேற்றும் நிப்பிளில் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அது இறங்காது, காற்று மேலே போகத்தானே பார்க்கும். கைப்பிடியைத் திருப்பி பம்ப்பை உயரமாக்குங்கள். ஹோஸ் போல்ட்டைத் துணியால் சுற்றி, லிவரை இழுத்துப் பிடித்து, போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, இறுக்கிவிட்டு லிவரை விடுங்கள். நாலைந்து முறை செய்தால் 'புஸ்' என்று காற்று வரும். அப்புறம் கீழே காலிப்பர் நிப்பிளில் வழக்கம்போல. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்கள் இரண்டையும் புதிதாகப் போட்டீர்களா? பழையது நசுங்கியது, அங்கேயும் கசியும்.

இன்னும் கொஞ்சம் மெத்தென்றிருந்தால், இரவு லிவரை இழுத்துக் கயிற்றால் கைப்பிடியோடு கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் அவிழ்த்தால் பாதி நேரம் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஹோஸைப் பாருங்கள். இருபது வருட ரப்பர் ஹோஸ் இழுக்கும்போது உப்பும். யமஹா கையேடுகளில் பம்ப், காலிப்பர் ரப்பர்களை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், ஹோஸை நான்கு வருடத்துக்கு ஒரு முறையும் மாற்றச் சொல்கிறார்கள். நாம் யாரும் செய்வதில்லை, நானும்தான்.

மாத்தின பிறகு முன் சக்கரம் பிடிச்சபடியே சுத்துது. ஓட ஓட இறுகுது.

சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். எண்ணெய் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால், அழுத்தம் மேலே திரும்ப முடியாமல் சிக்கியிருக்கிறது. விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ சறுக்கு முளையோ ஒட்டியிருக்கிறது, பம்ப்புக்கு இதில் சம்பந்தம் இல்லை.

பம்ப் பக்கம் என்றால் காரணம் அநேகமாக அந்த ஊசித் துளைதான். ஒன்று, அழுக்கால் அடைத்திருக்கும். அல்லது பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் கப் அதன் மேலேயே நிற்கும்: கிட்டில் வந்த பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட, அல்லது வேறு லிவர் போட்டு அது பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். லிவர் நுனியில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். கிண்ண மூடியைத் திறந்து லிவரை மெதுவாக அசைத்தால் எண்ணெய் மேற்பரப்பில் சின்னக் குமிழ்ச் சுழல் தெரிய வேண்டும். தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. முகத்தை மேலே நீட்டிக்கொண்டு பார்க்காதீர்கள், கண்ணில் அடிக்கும்.

டவுன்ல நல்லா பிடிக்குது. பாலிக் புலாவ் மலையில இறங்கும்போது மட்டும் லிவர் கைக்கே வந்துடுது. இதுவும் பம்ப்பா?

முதலில் எண்ணெயைப் பாருங்கள். புதிய எண்ணெய் சீனத் தேநீர் நிறத்தில் இருக்கும். உங்களுடையது கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் இருந்தால் காரணம் அதுதான். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம்மூர் புழுக்கத்துக்குச் சொல்லவே வேண்டாம். டாட் 4 என்ற தர எண் போட்ட புது எண்ணெய் கொதிப்பது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். டாட் 3-க்கு 205, ஈரத்தோடு 140. ஜாலான் துன் சர்டோன் மலைப்பாதை வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்து இறங்கினால் காலிப்பர் சூடேறி, உள்ளே எண்ணெய் ஆவியாகிறது. ஆவி அமுங்கும், லிவர் கைக்கு வரும். ஆறியதும் மறுபடி நன்றாகிவிடும், அதனால்தான் கடையில் வந்து காட்டும்போது ஒன்றும் தெரியாது.

எண்ணெயை முழுதாக மாற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். மூடியில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 3 சொன்ன இடத்தில் டாட் 4 போடலாம். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான், மற்றதோடு சேராது. 5.1 என்பது வேறு, அது டாட் 4-இன் குடும்பம். பாட்டிலைத் திறந்தால் மிச்சத்தை வருடக்கணக்கில் அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். எண்ணெய் மாற்றி, கியரைக் குறைத்து இறங்கியும் அப்படியே இருந்தால், மேலே சொன்ன இரண்டு விரல் சோதனைக்கு வாருங்கள்.

என் மோட்டாருக்கு ரிப்பேர் கிட் வர்றதே இல்லையாம். அலமாரியில வச்சிட வேண்டியதுதானா?

பெயரை மறந்துவிட்டு அளவைத் தேடுங்கள். பம்ப்பைச் செய்வது பெரும்பாலும் மோட்டார் கம்பெனி அல்ல; நிஸ்ஸின், டோகிகோ போன்றவர்கள். அதே பம்ப்பை, அல்லது அதே கப்பை, வேறு மாடலுக்கும் கொடுத்திருப்பார்கள். துளையின் விட்டம், பிஸ்டன் நீளம், இரண்டு கப்புக்கும் நடுவே உள்ள தூரம், சர்க்லிப் அளவு, இந்த நான்கையும் வெர்னியரில் அளந்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வயதான தவுக்கே இருக்கும் கடையாகப் பாருங்கள். கம்ப்யூட்டரில் மாடல் பெயர் தட்டிப் பார்க்கும் பையன் "இல்லை" என்பான். கிழவர் உங்கள் பிஸ்டனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மேலே ஏணி போட்டு ஒரு தூசி பிடித்த டப்பாவை இறக்குவார். எனக்கு இப்படி மூன்று தடவை நடந்திருக்கிறது. கப் மட்டும் பொருந்தி பிஸ்டன் நீளம் பொருந்தாவிட்டால், பழைய பிஸ்டன் கோடில்லாமல் இருந்தால், அதிலேயே புது கப்பை ஏற்றலாம். எதுவும் கிடைக்காவிட்டால் அதே விட்டமுள்ள வேறு பம்ப் முழுசாக மாட்டுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடையெல்லாம் மூடி. நாளைக்குக் காலை ஷிப்ட். பின் பிரேக்க வச்சுப் பாலத்தைக் கடந்துடலாமா?

2019-இல் பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு டோல் கட்டணத்தை நீக்கியதிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. பாலத்தில் குறுக்குக் காற்று வேறு, முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தினால் பின் சக்கரம் வழுக்கும். ஃபெர்ரியில் கால்நடையாகப் போய் அந்தப் பக்கம் பஸ் பிடியுங்கள், அல்லது அதே ஷிப்ட்காரர் யார் பின்னாலாவது ஏறிக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரும்போது கிட் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஆறரை மணிக்குள். அதற்கு மேல் ஸ்பேர் பார்ட் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.